மின்சுற்றுப் பாடத்தில் ஃபெட் சிமுலேஷன்: திரையைத் தொடுமுன் கேட்க வேண்டிய கேள்வி

பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் நடத்தும் ஆசிரியருக்குச் சிரமம் தருவது ஓம் விதிக் கணக்கு அன்று. கணக்கைப் பிழையின்றிப் போடும் மாணவர்களிலேயே பலர், தொடரிணைப்பில் முதல் விளக்கு மின்னோட்டத்தில் ஒரு பங்கைச் செலவழித்துவிடுவதால் இரண்டாவது விளக்கு மங்கலாக எரியும் என்று உள்ளூர நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கம்பிக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாததால், கரும்பலகை விளக்கம் மட்டும் அந்த நம்பிக்கையை அசைப்பதில்லை. அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய ஃபெட் (PhET) திட்டத்தின் நேர்மின்னோட்டச் சுற்று சிமுலேஷன், அதாவது கணினித் திரையிலேயே மின்சுற்றை அமைத்துச் சோதித்துப் பார்க்கும் மென்பொருள், இந்த இடத்தில்தான் பயன்படுகிறது. அதற்குக் கட்டணம் இல்லை.

வகுப்பு நேரத்தில் இணையம் கிடைக்கும் என்று நம்பித் திட்டமிட வேண்டாம். ஃபெட் தளத்திலிருந்து அந்தச் சிமுலேஷனை ஒரே கோப்பாகப் பதிவிறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொண்டால், இணைய இணைப்பு இல்லாத கணினியிலும் உலாவியில் அது திறக்கும். முந்தைய நாளே வகுப்பறைத் திரையில் ஓடவிட்டு, மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரின் எண்கள் கடைசி வரிசைக்குத் தெரிகின்றனவா என்று அங்கே உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். எலக்ட்ரான்களைக் காட்டும் அமைப்பை மாற்றி, பாடநூலில் உள்ளபடி மரபு மின்னோட்டத்தின் திசையை, அதாவது நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குச் செல்வதாகக் கொள்ளும் திசையைக் காட்டச் செய்வதும் நல்லது.

பாடத்தை 9 வோல்ட் மின்கல அடுக்கு ஒன்றும் 10 ஓம் விளக்கு ஒன்றும் கொண்ட சுற்றில் தொடங்கலாம். மாணவர்கள் குறிப்பேட்டில் கணக்கிட்டுச் சொன்ன 0.9 ஆம்பியர் திரையிலும் தெரியும்போது, கருவியின்மீது அவர்களுக்கு நம்பிக்கை பிறக்கும். அடுத்து இரண்டாவது விளக்கைத் தொடரிணைப்பில் சேர்க்கப் போவதாகச் சொல்லி, சேர்க்காமல் நிறுத்திவிடுங்கள். எந்த விளக்கு பிரகாசமாக எரியும், முதல் விளக்குக்கு முன்பும் இரு விளக்குகளுக்கு இடையிலும் இரண்டாவதற்குப் பின்பும் அம்மீட்டர் என்ன காட்டும் என்பதை ஒவ்வொருவரும் எழுதட்டும். வாய்மொழியாகக் கேட்டால் நன்றாகப் படிக்கும் ஒருவர் சொன்னதற்கே வகுப்பு முழுவதும் கை தூக்கும் என்பதால், எழுதி முடித்த பிறகுதான் விடைகளைக் கேட்டுக் கரும்பலகையில் எண்ணிக்கை போட வேண்டும். இந்த ஐந்து நிமிடத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் சுருக்காதீர்கள். எதையும் எதிர்பார்க்காத மாணவருக்குத் திரையில் தெரிவது வேடிக்கையாக மட்டுமே முடிந்துவிடும்.

பிறகு ஒரு மாணவரை அழைத்து விளக்கை இணைக்கச் சொல்லுங்கள். மூன்று இடங்களிலும் 0.45 ஆம்பியர்தான் காட்டும். விளக்குகள் இரண்டும் சமமாக மங்கியிருக்கும். உடனே விளக்கம் சொல்லிவிடாமல், தாம் எழுதியதும் கண்டதும் ஏன் மாறுபடுகின்றன என்று பக்கத்தில் இருப்பவருடன் பேச விடுங்கள். அதே விளக்குகளைப் பக்க இணைப்புக்கு மாற்றுமுன்பும் இவ்வாறே கேளுங்கள். மொத்த மின்னோட்டம் 1.8 ஆம்பியராக உயர்வதைக் காணும்போது, மின்கலம் எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத்தான் தரும் என்ற இன்னொரு தவறான எண்ணமும் ஆட்டம் காணும்.

உயர் தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளியில், கணினிக்கு இரண்டு அல்லது மூன்று பேராக அமர்த்தி இதையே அவர்கள் கையால் செய்யவைக்கலாம். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று வரிசையாக எழுதிய தாளைக் கொடுத்தால் கை மட்டும்தான் வேலை செய்யும். கேள்விகளை மட்டும் கொடுப்பதே சரி.

திரையில் காண்பது ஒரு மாதிரி என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தச் சுற்றில் விளக்கின் மின்தடை மாறாமல் இருக்கிறது. உண்மையான இழை விளக்கிலோ, இழை சூடாகச் சூடாக மின்தடை கூடும். திரையில் வேகமாக ஓடும் எலக்ட்ரான்கள், உண்மையான கம்பியில் மிக மெதுவாகவே நகர்கின்றன. குறுக்குச்சுற்று ஏற்பட்டால் திரையில் மின்கலம் தீப்பற்றுவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். வீட்டு மின்சாரத்தில் அது உயிரைப் பறிக்கும் என்பதை அந்தக் கணமே அழுத்திச் சொல்லுங்கள்.

அதே வாரத்தில் டார்ச் மின்கலங்களையும் ஒரே வகையான சிறு விளக்குகளையும் கொண்டு இச்சோதனையை நேரிலும் செய்து காட்டுங்கள். அதற்கடுத்த வகுப்பில் கணினியைத் திறக்காமல், மூன்று விளக்குகள் கொண்ட சுற்றொன்றைக் கரும்பலகையில் வரைந்து, ஒவ்வொரு இடத்திலும் அம்மீட்டர் என்ன காட்டும் என்பதைக் காரணத்துடன் எழுதச் சொன்னால், யாருக்கு இன்னொரு முறை விளக்க வேண்டியிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.