நெஞ்சுக் குழாய் எடுக்கும் நாளில் செய்யக்கூடாத தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் நெஞ்சுக் குழாய் என்றாலே ஒரு பேச்சு சுற்றி வரும்: “போடுறப்ப தெரியலை, எடுக்கிறப்பதான் உயிரே போச்சு.” மோட்டார் சைக்கிளில் விழுந்து விலா முறிந்தவர், காசநோயால் நெஞ்சில் நீர் கோத்தவர், இருதய அறுவை சிகிச்சை முடித்தவர் என எல்லாரும் இந்தப் பயத்தோடுதான் கட்டிலில் படுத்திருக்கிறார்கள். குழாயை இழுப்பது சில விநாடி வேலை. அந்த விநாடிகளின் வலியைப் பெருமளவு குறைக்க முடியும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதைக் கேட்டு வாங்கத் தெரியாமல் நம் மக்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முதலில் குழாய் எதற்கு என்று பார்த்துவிடுவோம். நுரையீரலுக்கும் விலாவின் உட்புறத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாக இருப்பதால்தான் நுரையீரல் விரிந்து நிற்கிறது. காற்றோ ரத்தமோ சீழோ உள்ளே புகுந்தால் நுரையீரல் சுருங்கிவிடும். புகுந்ததை வெளியேற்றத்தான் குழாய். அதன் மறுமுனை போத்தலில் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். காற்று குமிழியாக வெளியே போகும், திரும்பி உள்ளே வராது.

ஆகப் பெரிய தவறு வலியை மறைப்பது. தாதி வந்து “சாக்கிட் பெராபா?” (வலி எவ்வளவு?) என்று கேட்டால், முப்பது வருஷம் பால்மரம் வெட்டிய பெரியவர் “சிக்கிட் சாஜா” (கொஞ்சம்தான்) என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாடி, ரத்த அழுத்தம், மூச்சு, உடல் வெப்பம் ஆகியவற்றோடு வலியையும் ஐந்தாவதாக அளக்க வேண்டும் என்ற நடைமுறையைச் சுகாதார அமைச்சு 2008-இல் அரசாங்க மருத்துவமனைகளில் கொண்டுவந்தது. 0 முதல் 10 வரை எண் கேட்பது அதற்காகத்தான். 7 என்றால் 7 என்றே சொல்லுங்கள். உங்கள் எண்ணைப் பார்த்துத்தான் மருந்தை முடிவு செய்வார்கள்.

அடுத்த தவறு மருந்தின் நேரத்தைக் கவனிக்காமல் விடுவது. அமெரிக்கத் தாதியியல் ஆய்வாளர் கேத்லீன் புன்டில்லோவும் அவருடைய சக ஆய்வாளரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், இருதய அறுவை சிகிச்சை முடிந்த 74 பேருக்குக் குழாய் எடுக்கும் முன் மார்ஃபின் அல்லது கீட்டோரோலக் என்ற வலி மருந்தைக் கொடுத்தார்கள். மருந்து உச்ச வேகத்தில் வேலை செய்யும் நேரம் பார்த்துக் குழாயை எடுத்தார்கள். மார்ஃபினுக்கு அது ஏறக்குறைய 20 நிமிடம், கீட்டோரோலக்குக்கு 60 நிமிடம். இரண்டில் எதைக் கொடுத்தாலும் வலி குறைவாகவே இருந்தது. ஆக, எந்த மருந்து என்பதோடு எப்போது என்பதும் முக்கியம். ஊசி போட்ட மறுநிமிடமே இழுத்தாலும், அதன் வேகம் தணிந்த பிறகு இழுத்தாலும் பயன் குறைந்துவிடும். எனவே டாக்டர் வார்டு சுற்றி வரும்போது, “குழாய் எப்போது எடுப்பீர்கள், அதற்கு எவ்வளவு நேரம் முன்னால் மருந்து கிடைக்கும்?” என்று பணிவோடு கேளுங்கள். இது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், மருந்து ஒவ்வாமை இருந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள், அதற்கேற்ற மருந்தைத் தேர்ந்தெடுப்பார்கள். “ஊசி பழகிடும்” என்று வீட்டார் தடுப்பதும் தவறுதான். ஒருமுறை அளவோடு கொடுக்கும் மருந்துக்கு யாரும் அடிமையாகிவிடுவதில்லை.

மருந்தோடு சேர்த்துச் செய்யக்கூடியவையும் உண்டு. மெதுவாக ஆழ்ந்து மூச்சு விடும் பயிற்சியை வலி மருந்தோடு சேர்த்தபோது வலி மேலும் குறைந்ததாக 2006-இல் ஓர் ஆய்வு வந்தது. குழாயைச் சுற்றி 20 நிமிடம் ஐஸ் ஒத்தடம் கொடுத்தது உதவியதாக 2010-இல் துருக்கியிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஆனால் 10 நிமிடம் மட்டும் வைத்துப் பார்த்த பழைய ஆய்வில் பலன் தெரியவில்லை. ஐஸ் வைக்கலாமா என்று தாதியிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மூச்சு விஷயத்தில் பலர் குழம்பிப் போகிறார்கள். சில டாக்டர்கள் மூச்சை நன்றாக இழுத்து அடக்கச் சொல்வார்கள், சிலர் முழுக்க வெளியே விட்டுவிட்டு அடக்கச் சொல்வார்கள். விபத்தில் அடிபட்டவர்களிடம் 2001-இல் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டபோது பெரிய வித்தியாசம் இல்லை. குழாயை இழுக்கும் அந்தக் கணத்தில் திடுக்கிட்டு மூச்சை உள்ளே வாங்குவதுதான் ஆபத்து, ஏனென்றால் துளை வழியாகக் காற்றும் சேர்ந்து போய்விடும். ஆகவே முன்னதாகவே ஒன்றிரண்டு தடவை பழகிப் பாருங்கள். மொழி புரியாவிட்டால் தலையாட்டாமல், தமிழ் தெரிந்த தாதியைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

போத்தலைப் பார்த்து வீட்டாரே முடிவுக்கு வருவதும் நடக்கிறது. “இன்னும் தண்ணி வருது, ஏன் எடுக்கிறாங்க?” என்று சண்டைக்குப் போவார்கள். நாளுக்கு 100 அல்லது 200 மில்லிலிட்டருக்குக் குறைந்தால்தான் எடுக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். நுரையீரல் அறுவை செய்தவர்களிடம் நாளுக்கு 450 மில்லிலிட்டர் வரை வந்தாலும் பாதுகாப்பாக எடுக்கலாம் என்று அமெரிக்க நெஞ்சு அறுவை நிபுணர் ராபர்ட் செர்ஃபோலியோவின் 2008 ஆய்வு காட்டியது. 2014-இல் டென்மார்க் ஆய்வு ஒன்று அதை 500 வரை கொண்டுபோனது. ரத்தமோ சீழோ பால்போன்ற நீரோ வந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. காற்றுக் கசிவு நின்றதா, எக்ஸ்ரேயில் நுரையீரல் விரிந்திருக்கிறதா என்பதையும் டாக்டர் பார்ப்பார்.

குழாய் இருக்கும்வரை போத்தல் நெஞ்சுக்குக் கீழேயே இருக்கட்டும். கழிவறைக்குப் போகும்போது அதை மேலே தூக்கினால் உள்ளிருப்பது திரும்ப நெஞ்சுக்கே ஓடும். குழாயின்மேல் படுக்காதீர்கள், குமிழி வரும் குழாயை மடக்கியோ இறுக்கியோ பிடிக்காதீர்கள்.

எடுத்த பிறகு கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டாம், எப்போது பிரிப்பது என்று வார்டில் சொல்லி அனுப்புவார்கள். மஞ்சளோ காமாட் எனும் கடல் அட்டை எண்ணெயோ அந்தத் துளையில் படவே கூடாது. காயம் ஆறும் என்று வெறால் மீன் சூப் குடிப்பது உங்கள் விருப்பம், ஆனால் அதை நம்பித் தையல் பிரிக்கும் நாளைத் தவறவிடாதீர்கள். திடீரென்று மூச்சு முட்டினால், நெஞ்சு குத்தினால், காயத்தைச் சுற்றித் தோல் வீங்கித் தொட்டால் நெறுநெறுவென்றால், காய்ச்சலோடு சீழ் வந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம். மூச்சு முட்டினால் 999-ஐ அழையுங்கள்.

நுரையீரல் சுருங்கியிருந்தவர்கள் ஊருக்குக் கல்யாணம், கோயில் என்று விமானம் ஏறுவதற்கு முன் டாக்டரின் அனுமதி வாங்க வேண்டும். எக்ஸ்ரேயில் முழுவதும் விரிந்த பிறகும் குறைந்தது 7 நாள் பொறுக்கச் சொல்வது வழக்கம். சிகரெட்டைத் தொடவே கூடாது, மறுபடியும் நுரையீரல் சுருங்கும் வாய்ப்பை அது கூட்டும். செம்பனைக் குலை வெட்டும் நீளக் கழியை எப்போது தூக்கலாம் என்பதை மறு பரிசோதனையில் கேட்டு, தேவைப்பட்டால் எம்சியை (மருத்துவ விடுப்பை) நீட்டித்து வாங்குங்கள். காசநோயால் குழாய் போட்டவர்களுக்கோ இன்னும் பல மாத வேலை பாக்கி இருக்கிறது: நீர் வடிந்ததும் தெம்பு வந்துவிடும், மருந்தை நிறுத்தத் தோன்றும். நிறுத்தாமல் குறைந்தது 6 மாதமாவது கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில்) சொன்னபடி விழுங்கியே ஆக வேண்டும்.