கிராமத்து உடல்பருமன்: குழு உரையாடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை அல்லது பருமன் உள்ளவர்கள். 2015-16இல் அது 31. கிராமங்களை மட்டும் எடுத்தாலும் மூன்றில் ஒருவர். ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்களை உட்காரவைத்துப் பேச வேண்டிய விஷயம்தான் இது. ஆனால் பல இடங்களில் அந்தப் பேச்சு தொடங்கும் முன்பே படுத்துவிடுகிறது.

காரணம், மருத்துவ அலுவலர் முதலில் பேசிவிடுவது. எந்த வீட்டில் என்ன கொதிக்கிறது என்பது கிராம சுகாதாரச் செவிலியருக்கும் மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலருக்கும்தான் தெரியும். டாக்டர் விடையைச் சொல்லிவிட்டால் அவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அவர் கடைசியில் பேசட்டும். பத்துப் பேருக்கு மேல் வேண்டாம், நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள்.

அடுத்தது கேள்வி. “மக்களிடம் விழிப்புணர்வு இருக்கிறதா?” என்றால் “கம்மிதான் டாக்டர்” என்பதோடு சரி. “சிஸ்டர், உங்க ஊர்ல நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு மாசம் எத்தனை பாக்கெட் எண்ணெய் ஆகுது?” என்று கேளுங்கள். ஒருவர் ரேஷன் பாமாயிலையும் கடையில் வாங்குவதையும் கூட்டுவார். இன்னொருவர், நடவுக்கு மெஷின் வந்தபின் பெண்களுக்கு வயல்வேலை குறைந்ததைச் சொல்வார். அப்புறம் பேச்சு தானாக ஓடும்.

ஓட்ஸும் ஆலிவ் எண்ணெயும் உள்ள உணவு அட்டவணையை நீட்டாதீர்கள். தட்டில் சோறு குறைந்தால் அந்த இடத்தில் பருப்பும் காயும் வர வேண்டும். அதற்குக் காசு யார் கையில், கரண்டி மாமியார் கையிலா மருமகள் கையிலா என்பதையும் குழுவே பேச வேண்டும்.

உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறை குறியீட்டெண் (பி.எம்.ஐ.) 25 வரை பிரச்சினை இல்லை என்று நினைப்பவர்கள் நிறைய. இந்தியர்களான நமக்கு 23லேயே அதிக எடை, 25லேயே பருமன். இடுப்பளவு பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டக்கூடாது.

அதற்காக, வந்தவர்களையே எல்லோர் முன்னாலும் அளக்காதீர்கள். “நம்ம சிஸ்டரையே பாருங்களேன்” என்று யாராவது சிரித்தால் அங்கேயே நிறுத்துங்கள். அவமானப்பட்டவர் அதன்பின் வாய் திறக்க மாட்டார். அதே பேச்சை அவர் ஊரில் ஒரு பெண்ணிடம் பேசிவிடவும் கூடும்.

முடிக்கும்போது உறுதிமொழி எல்லாம் வேண்டாம். அடுத்த வீட்டுப் பார்வையில் கேட்கப்போகும் ஒரு கேள்வியை ஒவ்வொருவரும் எழுதிக்கொள்ளட்டும். அடுத்த மாதக் கூட்டத்தை அந்தப் பதில்களிலிருந்து தொடங்குங்கள்.