‘ஐரோப்பா தடை போட்டது’ என்று எழுதுவதற்கு முன்

2023 மே மாதம் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்துக்கு 120 கோடி யூரோ அபராதம் விழுந்தது. 2025 ஏப்ரலில் அதே நிறுவனத்துக்கு இன்னொரு 20 கோடி, கூடவே ஆப்பிளுக்கு 50 கோடி. மூன்றையும் ‘ஐரோப்பா அபராதம் விதித்தது’ என்று ஒரே வரியில் அடக்கிவிடலாம். பல செய்திகள் அப்படித்தான் அடக்குகின்றன. பெரும்பாலான குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் அபராதத்தைப் போட்டது டப்ளினில் உள்ள அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம். ஐரோப்பியப் பயனர்களின் தரவை அமெரிக்காவுக்கு அனுப்பியதுதான் புகார், சட்டம் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர். பின்னால் வந்த இரண்டையும் போட்டது பிரஸ்ஸல்ஸில் உள்ள, ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம். சட்டம், பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் சந்தை ஆதிக்கத்தைக் கட்டுப்படுத்த 2022இல் வந்த டிஜிட்டல் சந்தைகள் சட்டம். போட்டவர் வேறு, காரணம் வேறு, மேல்முறையீடு போகும் இடமும் வேறு.

அந்த 120 கோடியின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தரவு அனுப்புவதை நிறுத்தச் சொன்னால் போதும், அபராதம் வேண்டாம் என்பதுதான் அயர்லாந்து ஆணையத்தின் நிலைப்பாடு. வேறு சில நாடுகளின் ஆணையங்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. விவகாரம் எல்லா உறுப்பு நாட்டு ஆணையங்களும் சேர்ந்து உட்காரும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போனது. அபராதம் போட்டே ஆக வேண்டும் என்று வாரியம் முடிவு செய்தது. அயர்லாந்து போட்டது. ஒரு நாட்டின் அமைப்பை அதன் சொந்தக் கருத்துக்கு மாறாகவே முடிவெழுத வைக்க முடிகிறதே, ‘தேசங்களுக்கு மேலான’ அதிகாரம் என்று சொல்வது இதைத்தான்.

இதை விட்டுவிட்டு, பல நாடுகள் கூடிப் பேசும் எல்லா அமைப்பையும் ஒரே கூடையில் போடுவது அடுத்த தவறு. யுனெஸ்கோவில் 2005இல் கலாசார வெளிப்பாடுகளின் பன்மைக்கான உடன்படிக்கை நிறைவேறியது. ஆதரவாக 148 நாடுகள். எதிர்த்தவை அமெரிக்காவும் இஸ்ரேலும் மட்டும். வாக்கு எண்ணிக்கை பிரமாதம். ஆனால் அதை மீறும் நாட்டுக்கு அபராதம் போட யாருமில்லை. 1865இல் தந்திக்காகப் பிறந்து இன்று அலைவரிசைப் பங்கீட்டைக் கவனிக்கும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவும் நாடுகளின் சம்மதத்தில்தான் ஓடுகிறது. உள்நாட்டுச் சட்டத்தையே ஓரம்கட்டும் அதிகாரத்தோடு ஊடகத்துறைக்குள் நுழைந்த பெரிய உதாரணம் ஐரோப்பிய ஒன்றியம்தான்.

சரி, எது ஐரோப்பிய ஒன்றியம்? இங்கே ‘கவுன்சில்’ என்ற சொல் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. ‘யூரோப்பியன் கவுன்சில்’ என்றால் ஒன்றியத் தலைவர்களின் கூட்டம். ‘கவுன்சில் ஆஃப் தி யூரோப்பியன் யூனியன்’ என்றால் உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் அமரும், சட்டத்துக்கு வாக்களிக்கும் மன்றம். ‘கவுன்சில் ஆஃப் யூரோப்’ என்பது ஒன்றியமே இல்லை. ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள, 46 நாடுகள் கொண்ட தனி அமைப்பு. தமிழில் மூன்றும் ‘ஐரோப்பிய கவுன்சில்’ ஆகிவிடுகின்றன. (‘கமிஷன்’ என்றால் நம்மூரில் என்ன நினைப்பு வரும் என்பதால் ‘ஆணையம்’ என்றே எழுதுவது நல்லது.)

நீதிமன்றங்களிலும் இதே சிக்கல். ஒன்றியத்தின் நீதிமன்றம் லக்ஸம்பர்கில் இருக்கிறது. மனித உரிமைகள் நீதிமன்றம் ஸ்ட்ராஸ்பர்கில், கவுன்சில் ஆஃப் யூரோப்பின் குடைக்குள். வாசகர் பின்னூட்டங்களுக்காக எஸ்டோனியாவின் டெல்ஃபி என்ற செய்தித்தளத்தைப் பொறுப்பாக்கியது பேச்சுரிமை மீறல் அல்ல என்று 2015இல் சொன்னது ஸ்ட்ராஸ்பர்க். அதை ‘ஐரோப்பிய ஒன்றியத் தீர்ப்பு’ என்று எழுதினால் தவறு. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டுப் போனது. ஸ்ட்ராஸ்பர்கை விட்டுப் போகவில்லை.

இனி, என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஒன்றியத்தின் ஊடகக் கொள்கையில் கலாசாரத்தையோ தணிக்கையையோ தேடுவது. அது தொடங்கிய இடம் சந்தை. 1957இல் ஒன்றியத்துக்கு அடித்தளமான ரோம் ஒப்பந்தம் எழுதப்பட்டபோது அதில் தொலைக்காட்சி பற்றிப் பேச்சே இல்லை. இத்தாலியில் பியெல்லா என்ற ஊரில் சாக்கி என்பவர் கேபிள் டிவி நடத்தினார். அரசு ஒளிபரப்புக்குச் சேர வேண்டிய உரிமக் கட்டணத்தைக் கட்ட மாட்டேன் என்று நின்றார். வழக்கு லக்ஸம்பர்க் வரை போனது. 1974இல் நீதிமன்றம் சொன்னது இதுதான்: தொலைக்காட்சி ஒளிபரப்பு ஒரு சேவை. அரசு ஒளிபரப்பின் ஏகபோகத்தை அது உடைக்கவில்லை. ஆனால் ‘சேவை’ என்று ஒரு முறை சொன்ன பிறகு, சேவைகள் எல்லை தாண்டிச் செல்லும் சுதந்திரம் டிவிக்கும் பொருந்தும். ஒரு கேபிள்காரரின் பிடிவாதத்தில் கதவு திறந்தது.

அந்தக் கதவு வழியாக வந்ததுதான் 1989இன் ‘எல்லைகளற்ற தொலைக்காட்சி’ சட்டம். ஒரு சேனல் எந்த நாட்டில் நிலைகொண்டிருக்கிறதோ அந்த நாட்டின் விதியைப் பின்பற்றினால் போதும். மற்ற உறுப்பு நாடுகள் அதைத் தடுக்கக் கூடாது. கேட்க எளிமையாக இருக்கிறது. என்ன நடக்கும் என்பதற்கு சுவீடனைப் பாருங்கள். அங்கே 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் குறிவைக்கும் டிவி விளம்பரத்துக்குத் தடை. ஆனால் லண்டனிலிருந்து (பிரிட்டன் அப்போது ஒன்றியத்தில் இருந்தது) சுவீடனுக்கு ஒளிபரப்பான டிவி3 சேனலில், டைனோசர் பற்றிய குழந்தைகள் இதழின் விளம்பரம் ஓடியது. இதழ் ஒவ்வொன்றோடும் டைனோசர் பொம்மையின் ஒரு துண்டு வரும். முழு பொம்மை வேண்டுமென்றால் எல்லா இதழையும் வாங்க வேண்டும். பெற்றோர் நிலைமையைச் சொல்லத் தேவையில்லை. 1997இல் லக்ஸம்பர்க் தீர்ப்பு: வேறு உறுப்பு நாட்டிலிருந்து வரும் ஒளிபரப்புக்கு இந்தத் தடையைப் பொருத்த முடியாது. உள்ளூர் சேனலுக்குத் தடை, லண்டன் சேனலுக்கு இல்லை.

இங்கே ‘குழந்தைகளுக்கான விளம்பரத்தை ஐரோப்பிய ஒன்றியம் ஆதரித்தது’ என்று எழுதினால் அபத்தம். ஒன்றியம் விளம்பரத்தைப் பற்றி நல்லது கெட்டது பேசவில்லை. எந்த நாட்டு விதி செல்லும் என்பதைத்தான் பேசியது.

இதே நூல்தான் நெட்ஃபிளிக்ஸ் வரை வருகிறது. அதன் ஐரோப்பிய இருப்பிடம் ஆம்ஸ்டர்டாம். ஆகவே அடிப்படையில் அதைக் கண்காணிப்பது நெதர்லாந்து. தங்கள் மக்களிடம் சந்தா வாங்கும் நிறுவனம் தங்கள் சினிமாவுக்குப் பணம் தராமல் போகிறதே என்று மற்ற நாடுகள் முணுமுணுத்தன. 2018இல் இந்த டிவி சட்டத்தைத் திருத்தியபோது, வெளிநாட்டில் இருக்கும் தளத்திடமும் பங்களிப்பு கேட்கலாம் என்று ஒரு விலக்கு வந்தது. பிரான்ஸ் 2021இல் அதைப் பயன்படுத்தி, பிரான்சில் ஈட்டும் வருமானத்தில் 20 முதல் 25 சதவீதத்தை ஐரோப்பிய, பிரெஞ்சுப் படைப்புகளில் போட வேண்டும் என்றது. அந்த விகிதம் பிரான்சின் விதி, ஒன்றியத்தின் விதி அல்ல. ஒன்றியம் எல்லா நாட்டுக்கும் சொன்னது வேறொன்று: தளத்தின் பட்டியலில் குறைந்தது 30 சதவீதம் ஐரோப்பியப் படைப்புகள் இருக்க வேண்டும். பட்டியலில் இருந்தால் போதும். தானே தயாரிக்க வேண்டும் என்றில்லை. இன்னொன்று, பிரெக்ஸிட்டுக்குப் பிறகும் பிரிட்டிஷ் தொடர்கள் ‘ஐரோப்பியப் படைப்பு’ கணக்கில் சேர்கின்றன. காரணம், கவுன்சில் ஆஃப் யூரோப்பின் 1989 தொலைக்காட்சி உடன்படிக்கையில் பிரிட்டன் இருக்கிறது. அந்த கவுன்சிலையும் ஒன்றியத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவருக்கு இது புரியவே புரியாது.

தீர்ப்பில் பாதியை மட்டும் சொல்வது தனி வியாதி. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் பப் நடத்திய கேரன் மர்பி, உள்நாட்டுச் சந்தா கட்டுப்படியாகாமல் கிரீஸ் நாட்டு டீகோடர் கார்டை (சந்தா சேனலைத் திறக்கும் அட்டை) வாங்கி வந்து பிரீமியர் லீக் கால்பந்து ஆட்டங்களைக் காட்டினார். 2011இல் லக்ஸம்பர்க் நீதிமன்றம், வெளிநாட்டுக் கார்டுக்குத் தடை போடுவது சேவைச் சுதந்திரத்துக்கு எதிரானது என்றது. ‘பப்காரர் வென்றார்’ என்று தலைப்புகள். அதே தீர்ப்பின் மறுபாதி: ஆட்டத்துக்குப் பதிப்புரிமை இல்லை, ஆனால் லீகின் கீதத்துக்கும் திரையில் வரும் கிராஃபிக்ஸுக்கும் உண்டு, அவற்றைப் பப்பில் காட்ட அனுமதி வேண்டும். இந்தப் பாதியைச் சொல்லாவிட்டால், வாசகர் நாளையே ஒரு கிரீஸ் கார்டுக்கு ஆர்டர் கொடுப்பார்.

அப்புறம் டைரக்டிவ், ரெகுலேஷன் விவகாரம். இரண்டையும் ‘உத்தரவு’ என்று மொழிபெயர்த்து நானும் மாட்டியிருக்கிறேன். ரெகுலேஷன் என்றால் எல்லா உறுப்பு நாட்டிலும் நேரடியாகச் சட்டம், ஜிடிபிஆர் அப்படி. டைரக்டிவ் என்றால் சேர வேண்டிய இடத்தை மட்டும் சொல்லி, வழியை நாடுகளிடம் விடுவது. மேலே சொன்ன டிவி சட்டம் அந்த வகை. அதன் 2018 திருத்தத்தை 2020 செப்டம்பருக்குள் உள்நாட்டுச் சட்டமாக்க வேண்டும் என்று கெடு. அயர்லாந்து தாமதித்தது, 2024இல் நீதிமன்றம் 25 லட்சம் யூரோ கட்டச் சொன்னது. ஆகவே டைரக்டிவ் நிறைவேறிய அன்றே ‘இன்று முதல் அமல்’ என்று போட்டால் பல வருடம் முந்திவிடுவோம்.

‘6 சதவீத அபராதம்’ என்று எழுதுவதும் அப்படித்தான். இணையத் தளங்களின் பொறுப்புகளைச் சொல்லும் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தில் உலக வருவாயில் 6 சதவீதம் என்பது உச்ச வரம்பு, கட்டாயம் விழும் தொகை அல்ல. எக்ஸ் தளத்துக்கு 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தின்கீழ் விழுந்தது 12 கோடி யூரோ.

ரஷ்யாவின் ஆர்டி, ஸ்புட்னிக் சேனல்களை 2022 மார்ச்சில் நிறுத்தியது பற்றி எழுதும்போது கவனம் தேவை. அது ஊடகச் சட்டத்தின்கீழ் நடக்கவில்லை. போருக்காக ரஷ்யாமீது போட்ட பொருளாதாரத் தடைகளின் வரிசையில் வந்தது. முடிவெடுத்தவை ஒன்றியத்தின் அமைச்சர்கள் மன்றத்தில் கூடிய உறுப்பு நாட்டு அரசுகள். ஆர்டி பிரான்ஸ் வழக்குப் போட்டு, அதே ஆண்டு ஜூலையில் தோற்றது. அந்த முடிவு சரியா என்று விவாதிக்கலாம், எனக்கே தயக்கம் உண்டு. ஆனால் ‘ஐரோப்பிய ஊடகச் சட்டம் சேனல்களை மூட அனுமதிக்கிறது’ என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

கடைசியாக, ‘இனி இந்தியாவிலும்’ என்ற ஆசை. 2022இல் ஒன்றியம் ஃபோன்களுக்கு யூஎஸ்பி-சி துளையைக் கட்டாயமாக்கியது. கெடு 2024 டிசம்பர் 28. ஆப்பிள் 2023லேயே ஐபோன் 15இல் மாற்றிவிட்டது, ஸ்ரீபெரும்புதூரில் தயாரான ஃபோன்களிலும் சேர்த்து. ஐரோப்பியச் சட்டம் இந்தியாவில் செல்லாது. ஊருக்கு ஒரு துளை வைத்து ஃபோன் செய்வது நிறுவனத்துக்குச் செலவு, அவ்வளவுதான். ஆனால் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்துக்காக 2024 மார்ச்சில் மாற்று ஆப் ஸ்டோர்களுக்கு அனுமதி தந்தபோது, ஆப்பிள் அதை ஒன்றியத்தில் உள்ளவர்களுக்கு மட்டும் திறந்தது. ஆகவே நம்மூருக்கும் வரும் என்று எழுதுமுன், அந்த மாற்றத்தை ஒரு பகுதியோடு நிறுத்திக்கொள்வது நிறுவனத்துக்குச் செலவா, வெறும் சாஃப்ட்வேர் வேலையா என்று பாருங்கள்.