ஹூஸ்டன் மருமகனுக்கு: முதல் கைத்துவக்கு

இலங்கையில், உப்புவெளியில் இருந்துகொண்டு மாமா துவக்கைப் பற்றி எழுதுகிறார் என்று சிரிக்காதே. இங்கே அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதைத் தொடவே ஏலாது. டெக்ஸாஸில் இருந்த காலத்தில் ஒன்று வைத்திருந்தேன், அந்த அனுபவம்தான்.

உனக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டது, சரி. தற்காலிக விசாக்காரர் துவக்கு வாங்கப் பொதுவாகத் தடை. டெக்ஸாஸில் 2021 செப்டம்பரிலிருந்து, தகுதியுள்ளவர் 21 வயதானால் அனுமதி இல்லாமலே கைத்துவக்கைக் கொண்டுபோகலாம். ஆனாலும் அனுமதியை எடுத்து வை, வேறு சில மாநிலங்களிலும் செல்லும்.

கையில் 500 டொலர் என்றாய். துவக்குக்கு 300 போதும், மிச்சம் துவக்கு உறைக்கும், சுடும் ரவைக்கும். நான் விட்ட பிழை, காற்சட்டைப் பைக்குள் அடங்கும் குட்டி .380 (ரவையின் அளவு அது) துவக்கு வாங்கியது. 50 ரவைப் பெட்டி பாதி முடியவே பெருவிரல் அடி சிவந்துவிட்டது. பாரம் குறையக் குறைய உதைப்புக் கூடும் என்று கடைக்காரர் சொல்லவே இல்லை! நடுத்தர அளவில், 9 மில்லிமீட்டர் ரவை போடும் துவக்காக எடு. தோரஸ் கம்பனியின் ஜி3சி பரவாயில்லை. பொலிஸ் கழித்துவிட்ட பழைய குளொக் கம்பனித் துவக்கு கிடைத்தால் இன்னும் நல்லது. சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்துவிட்டு வாங்கு.

உறை, சுடும் விசையை முழுக்க மூடும் கெட்டிப் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். துணி உறை வேண்டாம். அப்புறம், வீட்டில் சின்னவள் தவழ்கிறாள். பூட்டுப்பெட்டியை முதலில் வாங்கு.