கோயில் பதிவேட்டில் முன்னோரைத் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் கொள்ளுத்தாத்தாவுக்கு மேலே யார் என்று தேடினால், ஏதாவது உருப்படியாகக் கிடைக்கிற இடம் பங்குக் கோயில் (சுற்றுவட்டாரக் கத்தோலிக்கர்களுக்குப் பொறுப்பான தேவாலயம்) பதிவேடுதான். ஆனால் அங்கே வரை போய்விட்டு, ஞானஸ்நான சர்டிபிகேட் ஒன்றை எழுதி வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பெரிய தவறே இதுதான்.

சர்டிபிகேட்டில் பெயர், தேதி, பெற்றோர், ஞானப்பெற்றோர் (ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்று நிற்பவர்கள்) என்று சுருக்கமாகத்தான் வரும். மூலப் பதிவேட்டில் அந்தப் பெயருக்கு நேரே ஓரத்தில் பொடி எழுத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒருவருக்கு எங்கே கல்யாணம் நடந்தாலும் அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்குத் தகவல் அனுப்பி அங்கே குறிக்க வேண்டும் என்பது 1908 முதல் கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டம். கிருஷ்ணகிரிப் பக்கத்து எலத்தகிரியில் பிறந்த பாட்டியைக் கோலார் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தால், மாப்பிள்ளை பெயர், கோயில், தேதி எல்லாம் அந்த ஓரத்திலேயே இருக்கலாம். ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்களையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், பல வீடுகளில் அவர்கள் தாய்மாமனாகவோ அத்தையாகவோ இருப்பார்கள், விட்டுப்போன கிளை அங்கேதான் பிடிபடும்.

அடுத்தது, இப்போது நாம் பூசைக்குப் போகிற கோயிலில் மட்டும் தேடுவது. இன்று தனிப் பங்காக இருப்பது அன்று ஏதோ ஒரு பங்கின் கிளைக் கிராமமாக இருந்திருக்கும். கோவிலூர், எலத்தகிரி மாதிரி பழைய பங்குகளில் கேட்க வேண்டும். தருமபுரி மறைமாவட்டம் (ஓர் ஆயரின் கீழ் உள்ள பங்குகளின் தொகுப்பு) 1997ல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது, சேலமே 1930ல் புதுச்சேரி, மைசூரு, கும்பகோணம் மறைமாவட்டப் பகுதிகளைச் சேர்த்து உருவானது, அதனால் பழைய கடிதங்களும் அறிக்கைகளும் அந்த ஊர்களில் இருக்க வாய்ப்புண்டு. குடும்பம் லுத்தரன் என்றால் பாதையே வேறு. அமெரிக்க லுத்தரன் மிஷனான மிசௌரி மிஷன் கிருஷ்ணகிரியில் வேலை தொடங்கியது 1895ல், அந்தச் சபைகள் இன்று ஐ.இ.எல்.சி.யில் (இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை) இருக்கின்றன, அங்கே சபைப் போதகரைப் பார்த்துக் கேளுங்கள்.

பெயரில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பழைய பதிவுகளைச் சாமியார்கள் (பாதிரியார்கள்) லத்தீனில் எழுதியிருந்தால் வீட்டில் ராயப்பன் என்றவர் பேத்ருஸ், சின்னப்பன் என்றவர் பவுலுஸ், சூசை என்றவர் யோசேப்புஸ். குடும்பப் பெயரும் நம்மிடம் கிடையாது, இன்ஷியல்தான், அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ஒரே ஊரில் நாலு அந்தோணி இருப்பார்கள், ஆகவே அப்பா பெயர், அம்மா பெயர், ஊர் மூன்றும் பொருந்தினால் மட்டும் நம் ஆள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறந்த தேதியையும் ஞானஸ்நானத் தேதியையும் குழப்பாதீர்கள். வளர்ந்த பிறகு மதம் மாறியவர் என்றால் இரண்டுக்கும் நடுவே பல வருஷம் இருக்கும், அவருடைய பெற்றோர் மதம் மாறாதவர்கள் என்றால் அவர்களின் ஞானஸ்நானம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அடக்கப் பதிவேட்டில் வயது 60, 70 என்று குத்துமதிப்பாக இருந்தால் அதிலிருந்து பிறந்த வருஷத்தைக் கணக்குப் போட வேண்டாம்.

1876-78 பஞ்சத்தில் அன்றைய சேலம் ஜில்லா, அதாவது இந்த இரண்டு மாவட்டங்களும் சேர்ந்த பகுதி, மிக மோசமாக அடிபட்டது. அந்த வருஷங்களில் தொடர்ச்சி அறுந்தால் அடக்கப் பதிவேட்டைப் பாருங்கள், கிடைக்கவில்லை என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். பெயர் ஒத்துப்போகிறது என்பதற்காக யாரையோ ஒட்டவைத்துவிட்டால், பின்னால் வருகிற பிள்ளைகள் அதையே உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமையும் திருவிழா நேரத்திலும் போய் நிற்காதீர்கள். பங்குச் சாமியாருக்கு முன்கூட்டியே போன் போட்டு, பெயர், ஊர், உத்தேச வருஷம் சொல்லிவிட்டுப் போங்கள். தாள் உதிர்கிற பழைய புத்தகமாக இருக்கும், எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது, கேட்காமல் போட்டோ எடுக்கக் கூடாது. உயிரோடு இருப்பவர்களின் விவரத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில்கூட அவர்களைக் கேட்காமல் போட வேண்டாம்.