இலவச கிறிஸ்துமஸ் காமிக்ஸ் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள் ஒரு காலத்தில் டிசம்பர் வந்தால் குழந்தைகளுக்குச் சும்மா கொடுத்த காமிக்ஸ்களை, அதிலும் உயிர் பெற்ற பொம்மை நாயகனாக வருபவற்றை, இப்போது நம்மாட்களும் தேடி வாங்குகிறார்கள். நான் ஆரம்பத்தில் பட்டதையே அவர்களும் படுகிறார்கள். ஈரம் படாமல் வை, மடக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

கடைப் பெயரில் மயங்குவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான். தெரிந்த தம்பி ஒருவர் மரச் சிப்பாய் பொம்மைக் கதை ஒன்றை வாங்கினார். பின்னட்டையில் ஒஹையோவின் ஏதோ சிற்றூர்க் கடையின் பெயர். “அண்ணே, அந்த ஒரு கடைக்காகவே போட்டதாம், வேறெங்கும் கிடைக்காதாம்!” என்றார். அரை மாதச் சம்பளம் போயிருந்தது. கொஞ்ச நாளில் அதே சிப்பாய், அதே பக்கங்கள், பென்சில்வேனியாக் கடை ஒன்றின் பெயரோடு பத்தில் ஒரு பங்கு விலைக்கு வந்தது.

சிவகாசி காலண்டரில் நகைக்கடை பெயர் இருக்கிறது என்பதற்காக முருகன் படத்தைக் கடைக்காரரா வரைந்தார்? இங்கேயும் அதே ஏற்பாடுதான். வெஸ்டர்ன் பப்ளிஷிங் 1946 முதல் 1982 வரை விட்ட ‘மார்ச் ஆஃப் காமிக்ஸ்’ வரிசையில் கதை ஒன்றுதான். வாங்கி விநியோகித்த கடையின் பெயர் மட்டும் மாறும். உயிருள்ள பொம்மை இந்த வியாபாரத்துக்கு வாகான பாத்திரம். அதற்குச் சொந்த ஊர் வேண்டாம், எந்த ஊர் அலமாரியிலிருந்தும் குதித்து இறங்கலாம்.

வானொலியிலும் இதே கதை. 1937இல் வந்த ‘சின்னமன் பேர்’ தொடரின் நாயகன் நாலு அங்குலப் பொம்மைக் கரடி. ஒலிப்பதிவு ஒன்றுதான். ஆனால் போர்ட்லாந்தில் லிப்மன் வுல்ஃப் கடைக்கும், சிகாகோவில் வீபோல்ட்ஸ் கடைக்கும் அது ‘நம்ம கரடி’.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? பூதக்கண்ணாடியை வையுங்கள். படங்கள் வண்ணப் புள்ளிகளால் ஆகியிருக்கும். கடைப் பெயர் மட்டும் தனிக் கறுப்பு மையில், புள்ளியே இல்லாமல், சில சமயம் லேசாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் அது பிறகு ஏற்றியது. ரப்பர் ஸ்டாம்ப் என்றால் பேச்சே இல்லை.

நிஜமாகவே ஒரே கடைக்குப் பிறந்த பாத்திரங்களும் உண்டு. நியூ ஆர்லியன்ஸின் மேசான் பிளான்ச் 1940களின் கடைசியில் கொண்டுவந்த பனிப்பொம்மை மிஸ்டர் பிங்கிள் அப்படித்தான். கடையின் இரண்டு ஆங்கில முதலெழுத்துகளும் (எம், பி) அதன் பெயரிலேயே இருக்கின்றன. பெயர் இப்படிப் பாத்திரத்துக்குள்ளேயே கலந்திருந்தால் கூடுதல் விலை கொடுக்கலாம். காலிக் கட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒரு காசு கூடக் கூடாது.

பழசெல்லாம் அரிது என்று நம்புவது

மான்ட்கமரி வார்ட் என்ற அமெரிக்கக் கடை நிறுவனம் 1939இல் இலவசமாகக் கொடுத்த ருடால்ஃப் மான் கதைப் புத்தகம் மட்டும் அந்த ஒரே பருவத்தில் சுமார் 24 லட்சம் பிரதிகள். எண்ணிக்கையைக் கேளுங்கள், வயதை அப்புறம் பார்க்கலாம்.

அட்டையில் விலை இல்லையே என்று பதறுவது

இலவசம்தானே!

செலோ டேப்

கிழிசலை ஒட்ட இதுவா? வேண்டவே வேண்டாம்.

கிரேயான் கிறுக்கலை அழிப்பது

ரப்பர் வைத்துத் தேய்த்தால் அச்சு மையும் சேர்ந்து வரும். குழந்தை கிறுக்கியதை அப்படியே விடுங்கள். அதைவிட, நடுப்பக்கம் இருக்கிறதா, வெட்டி விளையாடும் பொம்மைப் பக்கத்தில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பாருங்கள். விற்பவர் அட்டையை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினால், உள்பக்கம் முழுவதையும் கேளுங்கள்.