ஜன்னல் பிளைண்ட்ஸில் படிந்த தூசியை விரைவாக அகற்றும் முறை

அலுமினியப் பட்டைகள் கொண்ட பிளைண்ட்ஸைத் துடைக்கும்போது பலரும் முதலிலேயே ஈரத்துணியை எடுத்துவிடுகிறார்கள். தூசியில் தண்ணீர் பட்டதும் அது சேறாகிப் பட்டைகளின் ஓரங்களில் கோடுகோடாக ஒட்டிக்கொள்வதால், வேலை இரட்டிப்பாகிவிடுகிறது. ஆகவே, உலர்ந்த நிலையில் துடைப்பதே முதல் வேலையாக இருக்க வேண்டும்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு, கீழே பழைய செய்தித்தாளை விரித்து, பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று படியுமாறு முழுவதும் மூடிக்கொள்ளுங்கள். பழைய பருத்திக் காலுறை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழாக இழுத்துத் துடைத்தபின், பட்டைகளை எதிர்ப்புறமாகத் திருப்பி மறுபக்கத்தையும் அவ்வாறே துடையுங்கள். பட்டைகளைக் கோத்திருக்கும் கயிற்றை ஒட்டிய இடுக்குகளில் விரல் நுழையாது. அங்கே பெயிண்ட் அடிக்கும் சிறிய பிரஷ் அருமையாக வேலை செய்யும்.

சமையலறை ஜன்னலில் தாளிப்புப் புகையின் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து பசைபோல் இறுகியிருக்கும் என்பதால், வெதுவெதுப்பான நீரில் சில துளிகள் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, ஒவ்வொரு பட்டையாகத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை எடுத்துவிட வேண்டும். கம்பி நாரைத் தயவுசெய்து தொடாதீர்கள், பூச்சு கீறிவிடும்.

மரப்பட்டைகள் ஈரத்தில் வளைந்துவிடும் என்பதால் அவற்றுக்கு உலர்துணி மட்டும் போதும். துணியாலான பிளைண்ட்ஸுக்கு வேக்கம் கிளீனரின் பிரஷ் முனையே ஏற்றது.